பாய்மரம் முதல் இதழ்

ஸ்ரீபெரும்புதூர் விலாசத்தில் மஞ்சுளாவுக்குக் கடிதம் எழுதுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் அவளை ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. முதல் கடிதத்தின் அடியில் ‘எம். மஞ்சு’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் கையெழுத்து அதுதான். பதில் ‘மதிப்பிற்குரிய மஞ்சு சார்’ என்று ஆரம்பித்து வந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த கடிதத்தில் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வந்த பதிலோ பக்கம் பக்கமாக இருந்தது. அவளிடம் யாரும் அத்தனை பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. பெண் என்று தெரிந்தால் அடுத்த கடிதம் நாலு வரியோடு நின்றுவிடும் என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டாள். விட்டது வருஷக்கணக்கில் ஓடிவிட்டது.

மஞ்சுளாவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. வியாசர்பாடியில் வாழப்போன இடத்திலிருந்து, பிள்ளை இல்லை என்ற காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அம்மா அப்பா போனபிறகு பெரம்பூரில் தம்பி வீடு இருந்தது. பொங்கலுக்குப் போய்விட்டு மறுநாள் கிளம்பிவிடுகிற மாதிரியான வீடு. பெங்களூர் ரோட்டில் சுவிட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்ததும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ராஜம்மா என்கிற விதவையின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்ஷன். லைனில் வருகிற ஒவ்வொரு சுவிட்சையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல், பிசிறு, வளைந்த பித்தளை எதுவாவது இருந்தால் ரிஜெக்ட் தட்டில் போட வேண்டும். பேச்சுக்கு இடமில்லாத வேலை. பக்கத்து மேஜைச் சின்னப்பொண்ணு மட்டும் சாப்பாட்டு நேரத்தில், “இன்னாக்கா, நீ வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா?” என்பாள்.

வாயைத் திறக்க அவளுக்கும் விஷயம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

‘பாய்மரம்’ என்பது அறுபதுகளின் கடைசியில் மதராஸிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த படக்கதைப் புத்தகம். மாலுமி அதிரன் என்று ஒருவன், ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, ஏழு கடலும் சுற்றுவான். சில வருஷம் வந்து நின்றுபோயிற்று. மஞ்சுளா சின்ன வயதில் வாடகை நூல்நிலையத்தில் படித்தவள்தான்; பிறகு மறந்தே போனாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே அதிரன் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கடலைக்காரனிடம் கேட்டு, பாபு என்பவன் வைத்திருந்த பழைய பேப்பர் கடையைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு பேப்பர் கட்டுக்குள் இன்னும் சில புத்தகங்கள், எலி கடித்தது போக மிஞ்சி இருந்தன. அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதராஸுக்கு பஸ் ஏறி நடைபாதைக் கடைகளைக் குடைந்தாள். மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகம் எத்தனையோ சாம்பலாகிவிட்டது, இனி கிடைப்பது கிடைத்ததுதான் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவள் ஆசையை இன்னும் கிளப்பிவிட்டது.

எந்தப் புத்தகத்துக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பதை அவளே கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டாள். பழசாக இருந்தால் மட்டும் போதாது. அட்டை சொந்த அட்டையாக இருக்க வேண்டும். நடுவில் அடித்த கம்பிப் பின் மாற்றாத பின்னாக இருக்க வேண்டும். புதுப் பின் அடித்திருந்தால் நடுவில் ஏதோ தாள் போயிருக்கிறது என்று அர்த்தம். பேர் எழுதியிருக்கக் கூடாது, நூல்நிலைய முத்திரை விழுந்திருக்கக் கூடாது. இதெல்லாம் கம்பெனி வேலை மாதிரிதான். ஆனால் ஒரு விஷயம் நேர்மாறாக இருந்தது. அச்சில் தப்பு விழுந்த பிரதிக்குத்தான் கிராக்கி. ஆரம்பத்தில் கொஞ்சம் அடித்து, தப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தித் திருத்தியிருப்பார்கள். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கைக்கு வந்தால் அதுதான் முதல் அச்சு. பகல் முழுவதும் குறை இருக்கிறதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, சாயங்காலம் வந்து குறை இருக்கிறதைத் தேடுவது அவளுக்கே வேடிக்கையாக இருக்கும்.

அப்படி வாங்கிய ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தது: ‘நாகப்பன், பிரேம் கடை, படப்பை.’ அதில் இரண்டு பக்கம் இல்லை. அந்த இரண்டு பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டு அந்த விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டாள். அதற்குத்தான் ‘மஞ்சு சார்’ என்று பதில் வந்தது. இல்லாத பக்கங்களை நாகப்பன் கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்தே அனுப்பியிருந்தார். கூடவே, வாலிப வயதில் எல்லாப் புத்தகத்திலும் ஸ்டாம்பு குத்தித் தொலைத்த தன் மடத்தனத்தைத் திட்டி ஒரு பக்கம்.

அவருக்கு அவளைவிடப் பத்து வயது போல் கூட. படப்பைக் கடைத்தெருவில் சாமி படங்களுக்கும் போட்டோக்களுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கடை. மனைவி, ஒரே மகள். கடிதத்தில் முதலில் பாய்மரம் மட்டும்தான் இருந்தது. பிறகு மழை, கடை, முழங்கால் வலி எல்லாம் வந்தது. பிறகு ஒருநாள், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்வதாக எழுதி, கல்யாணமான புதிதில் வேறொரு பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு மனைவி கங்கம்மாளிடம் மூன்று வருஷம் சரியாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை எழுதியிருந்தார். அந்தப் பாவம் இன்னும் தொண்டையில் நிற்கிறது, அவளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார்.

மஞ்சுளா அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். முகம் கொடுக்காத புருஷன் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ‘சொல்ல வேண்டாம் சார். சொன்னால் உங்கள் பாரம் அவர்கள் தலைக்குப் போகும். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போங்கள்’ என்று எழுதினாள். திருப்பதி போய்வந்ததாகப் பதில் வந்தது.

இன்லண்டு கவர் வாரந்தவறாமல் வருவதைப் பார்த்து ராஜம்மா, “யாருடி அந்தப் படப்பைக்காரன்?” என்று ஒருமுறை கேட்டாள். “சித்தப்பா” என்றாள் மஞ்சுளா. நம்பினாளோ இல்லையோ, ராஜம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஊரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்த இரவுக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ஊராகவே இல்லை. கம்பெனி சாத்திக் கிடந்தது. கடையில்லை, பஸ்ஸில்லை. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களை எல்லாம் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். மஞ்சுளாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்த போலீஸ்காரர், படக்கதைப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “புள்ளைங்க இல்லியே, இது யாருக்கு?” என்றார். “எனக்குத்தான்” என்றாள். அவர் பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டார்.

தபால் மறுபடி ஓட ஆரம்பித்ததும் முதலில் வந்தது நாகப்பன் கடிதம். குண்டு வெடித்த மறுநாளே எழுதியது. ‘சார், நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லையே? ரெண்டு வரி எழுதுங்கள். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.’ தம்பி வீட்டிலிருந்து ஒரு கார்டு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஜூன் முடிகிற வரையில் வரவில்லை.

ஜூலையில் நாகப்பன் வேறொரு செய்தி எழுதினார். மகளுக்கு வரன் அமைந்துவிட்டது, ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருக்கப்போகிறவர். புத்தகங்கள் இருக்கிற அறையைக் காலி பண்ண வேண்டும். மதராஸிலிருந்து இரண்டு பேர் வந்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அது உங்களுக்கு. தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நாலு வருஷமாக ஏதேதோ சாக்குச் சொல்லிவிட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வாருங்கள்.’

அந்த ஒன்று எது என்று அவளுக்குத் தெரியும். பாய்மரம் முதல் இதழ்.

அந்த இதழின் நடுவில் கெட்டித் தாளில் அதிரனின் முகமூடி ஒன்றை அச்சடித்து வைத்திருந்தார்கள். புள்ளிக்கோட்டில் வெட்டி, இரண்டு ஓரத்திலும் நூல் கட்டி மாட்டிக்கொள்ள வேண்டியது. அந்தப் புத்தகம் போன வீட்டிலெல்லாம் அன்றைக்கே கத்தரிக்கோலைத் தேடியிருப்பார்கள். இப்போது அகப்படுகிற முதல் இதழ்கள் எல்லாமே நடுவில் ஓட்டையோடுதான் அகப்படும். முகமூடி வெட்டாத பிரதி என்று ஒன்று இருப்பதாகச் சேகரிக்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள், பார்த்தவர்கள் இல்லை. அது நாகப்பனிடம் இருந்தது. ‘நான் அதை வாங்கும்போது எனக்கு மீசை முளைத்துவிட்டது சார்’ என்று எழுதியிருந்தார். ‘கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். முகமூடியை வெட்டி மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்க்க அவ்வளவு ஆசை. யாராவது பார்த்துச் சிரிப்பார்களே என்று வெட்கம். அந்த வெட்கத்தால்தான் அது தப்பித்தது.’

அந்த வரியை அவள் பலமுறை படித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரகடத்தில் இறங்கிப் படப்பை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு தடவை திரும்பிவிடலாமா என்று வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ‘சார், நான்தான் மஞ்சு.’ மூன்று வார்த்தை. அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?

கடை சின்னதுதான். வெளியே முருகனும் லட்சுமியும் சட்டத்துக்குள் தொங்கினார்கள்; உள்ளே, செத்துப்போனவர்களின் போட்டோக்கள் கண்ணாடிக்காகக் காத்திருந்தன. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் முகத்தில் பவுடருமாக ஒரு குள்ளமான மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி. அவள் வந்து நின்றதும் அவளுக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தபடியே, “போட்டோவாம்மா? இன்னிக்கு வேல எடுக்கல. ஒரு முக்கியமான ஆளு வராரு. நாளைக்கு வாங்க” என்றார்.

அந்த முக்கியமான ஆள் வாயைத் திறந்தபோது வேறு வார்த்தைதான் வந்தது.

“ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து வரேங்க. மஞ்சு சார் அனுப்பிச்சாரு. நான் அவரு தங்கச்சி.”

நாகப்பன் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த நிமிஷமே எழுந்து ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டார். “உக்காரும்மா, உக்காரு. தங்கச்சி இருக்குன்னு ஒரு வார்த்த எழுதல பாரு மனுஷன்! இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“டியூட்டி. திடீர்னு வரச் சொல்லிட்டாங்க.”

“இந்தவாட்டியும் டியூட்டியா?” அவர் வாய்விட்டுப் பெருமூச்சு விட்டார். “எப்பிடி இருப்பாரும்மா உங்க அண்ணன்? ஒசரமா? நான் ஒசரமாத்தான் நெனச்சி வெச்சிருக்கேன்.”

“நடுத்தரமா இருப்பாரு.”

“கோவம் வருமா?”

“வராது.”

“தெரியும். எழுத்துலயே தெரியும்” என்றார் நாகப்பன். “எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. சிநேகிதன்னு சொல்லிக்கவும் இல்ல. ஊருக்குள்ள நான் பிரேம்காரன், அவ்ளோதான். உங்க அண்ணன் லெட்டர் வந்தாத்தான் நான் நாகப்பன்.”

மஞ்சுளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் கேட்ட குரல் இப்போது நேரில் கேட்டது. அவள் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். இப்படியே அவர் பேசிக்கொண்டிருந்தால் போதும், தங்கச்சியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது.

அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, உள்ளேயிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு அட்டைக்கு நடுவில் முதல் இதழ் இருந்தது. “உனக்கு இதெல்லாம் வேடிக்கையாத்தான் இருக்கும்மா. இருந்தாலும் கேட்டுக்கோ, அண்ணன்கிட்ட பத்திரமா சேக்கணுமில்ல” என்று சொல்லி, குழந்தைக்குச் சொல்கிறாற்போல விளக்க ஆரம்பித்தார். வெட்டாத முகமூடியைப் பற்றிச் சொன்னார். அட்டையில் சிவப்பு மை கொஞ்சம் விலகி அதிரனின் உதடு கன்னத்துக்குப் போயிருப்பதைக் காட்டினார். “இது மாதிரி ஒண்ணு நாட்டுல எங்கியும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கலாம். ஆனா எங்கன்னு யாருக்கும் தெரியாது. அதுதாம்மா இதோட மதிப்பு. பாரு, கைல வாங்கிப் பாரு.”

புத்தகம் கைக்கு வந்ததும் மஞ்சுளாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

கைக்குட்டையை மடியில் விரித்து அதன்மேல் புத்தகத்தை வைத்தாள். முதலில் பின்னைப் பார்த்தாள், மேல் பின், அப்புறம் கீழ்ப் பின். முதுகை வெளிச்சத்துக்குச் சாய்த்து மடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். குனிந்து, ஈர வாசனை இருக்கிறதா என்று முகர்ந்தாள். பிறகு விரலில் எச்சில் படாமல், தாளின் மேல் மூலையைப் பிடித்து, நேராகப் பதினோராம் பக்கத்தைத் திறந்தாள். அச்சுக் கட்டை செய்யும்போது நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டதால் அந்த ஒரே கட்டத்தில் மட்டும் அதிரனின் கறுப்புத் துணி இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்கு மாறியிருக்கும்; திருத்திய பிரதிகளில் இருக்காது. மாறித்தான் இருந்தது. அவளையறியாமல் புன்னகை வந்தது.

நிமிரும்போது நாகப்பன் புத்தகத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினோராம் பக்கம் நான் இன்னும் சொல்லவேயில்லியே” என்றார் நாகப்பன்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

“பின்னுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு அவருதான் எனக்கு எழுதுனாரு. வேற யாரும் அப்பிடிப் பாக்க மாட்டாங்க.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, உள்ளறையில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிற மாதிரி, “மஞ்சு சார்?” என்றார்.

அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கங்கம்மாள் வந்துவிட்டாள். பெரிய உடம்பு, மஞ்சள் பூசிய முகம். “இன்னாய்யா, சார் வந்துட்டாரா? கொழம்பு ஆறிப்போவுது!” மஞ்சுளாவைப் பார்த்ததும் நின்றாள். “இவங்க யாரு?”

நாகப்பன் மஞ்சுளாவைப் பார்க்காமல், “சாருக்கு டியூட்டியாம். தங்கச்சிய அனுப்பிக்கிறாரு” என்றார்.

“அய்ய, அவரு வர்லியா?” கங்கம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு மஞ்சுளாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். “நீ வாம்மா. உங்க அண்ணன நான் கண்ணால பாத்ததில்ல, ஆனா நான் கும்புடுற ஆளு அவரு. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்னை ஒரு எடத்துக்கும் இட்டுனு போனதில்ல. சாரு எழுதுனாருன்னு திருப்பதிக்கு இட்டுனு போனாரு. பஸ்ஸுல போறப்போவும் வரப்போவும் பேச்சு, ஓயாத பேச்சு. இம்மாம் பேச்சு இவராண்ட கீதுன்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.”

இலை போட்டுக் கறிக்குழம்பு ஊற்றினாள். மஞ்சுளாவுக்கு எதிரே நாகப்பனுக்கு இலை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கங்கம்மாள் விடாமல் கேட்டாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகலியா, சமைக்கிறது யாரு, இத்தனை நல்ல மனுஷனுக்கு ஒரு பொண்ணு அமையலியா. மஞ்சுளா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். தனியாத்தான் இருக்காரு. அவரே பொங்கிக்குவாரு. பழகிடுச்சு.

சாப்பிட்டபின் கங்கம்மாள் பாத்திரத்தோடு கொல்லைப்புறம் போனதும் அவர்கள் இருவரும் கடைக்கு வந்தார்கள். நாகப்பன் புத்தகத்தை மறுபடி துணியில் சுற்றி, ஒரு பையில் வைத்து நீட்டினார்.

“வேணாம் சார்” என்றாள் மஞ்சுளா.

“சாருக்குன்னு வெச்சது. எடுத்துக்குங்க.” முன்பு ‘நீ’ என்றவர் இப்போது ‘ங்க’ போட்டார்.

“நான் எழுதுனது எதுவுமே பொய்யில்ல சார். தங்கச்சின்னு இன்னிக்குச் சொன்னது ஒண்ணுதான் பொய்.”

“தெரியுது.”

“மொதல்லயே சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?”

அவர் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். “மாட்டேன்.”

ரோட்டில் ஒரு லாரி போய், தொங்கின சட்டங்கள் எல்லாம் கடகடவென்று அதிர்ந்து அடங்கின.

“உங்க மேல கோவமில்ல” என்றார் நாகப்பன். “ஆனா என் சம்சாரத்துக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். ஆம்பளைக்குத் தெரிஞ்சா அது சிநேகிதம். பொம்பளைக்குத் தெரிஞ்சா அதுக்கு வேற பேரு. அவ இப்போ உங்களுக்குச் சோறு போட்டா. எனக்கு எறங்கல. இனிமே லெட்டர் வேணாம்மா.”

மஞ்சுளா பையை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு பின்னிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. இருபத்து நாலு வருஷம் மழையடித்த ஊரில் இப்படி ஒரு பின்னை எப்படிக் காப்பாற்றினார் என்று எழுதிக் கேட்க வேண்டும் போலிருந்தது. எழுதுவதானால் அவருக்குத்தான் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் மதராஸ் நடைபாதைக்குப் போனாள். அங்கே பாய்மரம் தேடுகிற ஒருவரிடம், முகமூடி வெட்டாத முதல் இதழ் தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, “வீட்டுக்காரர் சேர்க்கிறாரா? கொடுக்கிறாரான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா” என்றார். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் சின்னப்பொண்ணிடம் சொல்லிப் பார்த்தாள். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, “பொஸ்தகத்துக்காக்கா இவ்ளோ?” என்றாள். கெட்ட மனசில் கேட்கவில்லை. அவளுக்கு அது புரியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் தபால்காரர் ராஜம்மா வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். “இன்னாடி, உங்க சித்தப்பா மறந்துட்டாரா?” என்றாள் ராஜம்மா.

ஆவணி மாதம் ஒரு கவர் வந்தது. அவசரமாகப் பிரித்தாள். கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய மேலுறையில் பழகிய எழுத்து: ‘திரு. எம். மஞ்சு அவர்கள், குடும்பத்துடன்.’ உள்ளே அச்சடித்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கங்கம்மாள் சொல்லி அனுப்பியதா, அவராக அனுப்பியதா, தெரியவில்லை. வரச் சொல்கிறாரா, வராத ஒருவருக்கு மரியாதை செய்கிறாரா, அதுவும் தெரியவில்லை.

போனாள். எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கி, ‘மஞ்சு, ஸ்ரீபெரும்புதூர்’ என்று பேர் வெட்டச் சொல்லி எடுத்துக்கொண்டு போனாள்.

படப்பையில் மண்டபம் நிறைய கூட்டம். வாசலில் நாகப்பன் பட்டுவேட்டியோடு வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பக்கத்தில் சம்பந்தி வீட்டு ஆட்கள். சந்தனக் கிண்ணத்தோடு கங்கம்மாள்.

“வாம்மா” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில், “சார் வர்லியா?” என்றார்.

“வர முடியல சார். ஷிஃப்டு.”

“நான் கேட்டேன்னு சொல்லு.”

“சொல்றேன்.”

அவளைத் தாண்டி நாலு பேரைக் கும்பிட்டுவிட்டு, மறுபடி அவள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “தபால்காரன் வர்ற நேரத்துக்கு இன்னும் வாசலப் பாக்குறேன்னு சொல்லு.”

“எழுதச் சொல்லட்டுமா?”

நாகப்பன் கங்கம்மாளைப் பார்த்தார். அவள் யாரோ ஒரு கிழவிக்குச் சந்தனம் பூசிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். “வேணாம்மா. நல்லா இருக்காருல்ல? அது போதும்.”

“நல்லாத்தான் இருக்காரு” என்றாள் மஞ்சுளா.

இரண்டாம் பந்தியில், தெரியாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிளம்பும்போது கங்கம்மாள் ஓடிவந்து கையில் தாம்பூலப் பை கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பவும் கூப்பிட்டு இன்னொரு பையையும் கொடுத்தாள். “இது சாருக்கும்மா. மறக்காம குடுத்துடு.”

ஒரகடம் முனையில் வெயிலில் நின்றாள். பைக்கு ஒன்றாக இரண்டு தேங்காய், கை வலித்தது. பக்கத்தில் புல்லுக்கட்டோடு நின்ற கிழவி, “ரெண்டு பை வெச்சினுக்கிறியே, கூட யாரு வந்தாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் வர்ல” என்றாள் மஞ்சுளா.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. உட்கார இடமில்லை.